எட்டாம் வகுப்பு திருத்திய நிலா

காக்ஸ் டவுனில் நான் அறிவியல் சொல்லிக்கொடுக்கும் பள்ளி மிகச் சின்னது. கன்டோன்மென்ட் காலத்துப் பங்களா ஒன்றைத்தான் பள்ளியாக மாற்றியிருக்கிறார்கள். எட்டாம் வகுப்பு நடக்கும் அறை முன்பு சாப்பாட்டு அறையாக இருந்திருக்க வேண்டும். தட்டு அடுக்கும் கண்ணாடி அலமாரி இன்னும் சுவரில் இருக்கிறது. அதில் நான் பீக்கரும் சோதனைக் குழாயும் அடுக்கி வைத்திருக்கிறேன். வகுப்பில் முப்பத்தெட்டுப் பிள்ளைகள். பாதிக்கு மேல் வீட்டில் தமிழ் பேசுகிறவர்கள். மீதிப் பேர் கன்னடம், உருது. பாடப்புத்தகம் ஆங்கிலத்தில். நான் பாடம் நடத்துவது இவை எல்லாம் கலந்த ஒரு மொழியில்.

நிலாவின் கலைகள் பாடம் வந்தாலே எனக்குக் கொட்டாவி வரும். ஓர் ஆசிரியை இதைச் சொல்லக் கூடாது, ஆனால் உண்மை. பதினோரு வருஷமாக ஒரே படம். நடுவில் பூமி, சுற்றி எட்டு வட்டம், ஒவ்வொன்றிலும் கொஞ்சம் கறுப்பு, கொஞ்சம் வெள்ளை. நான் கரும்பலகையில் வரைவேன், பிள்ளைகள் நோட்டில் வரைவார்கள், பரீட்சையில் திரும்ப வரைவார்கள், மறந்துவிடுவார்கள். பத்தாம் வகுப்புப் பிள்ளையிடம் நிலா ஏன் தேய்கிறது என்று கேட்டால், "பூமியோட நிழல் விழுது மிஸ்" என்று சொல்லும். அது கிரகணம். அந்தப் பிள்ளைக்கு எட்டாவதில் பாடம் நடத்தியது நானாகத்தான் இருக்கும்.

நல்ல படங்கள் வெளியே இல்லாமல் இல்லை. இரண்டு வருஷத்துக்கு முன்னால் விலை உயர்ந்த ஒரு துணைநூலிலிருந்து நாலு பக்கங்களை ஸ்கேன் எடுத்து வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் போட்டேன். அது எப்படியோ பதிப்பகத்து விற்பனைக்காரர் கண்ணில் பட்டு, அவர் நேராக எங்கள் தலைமையாசிரியையின் அறைக்கு வந்துவிட்டார். தலைமையாசிரியை அவரிடம் மன்னிப்புக் கேட்டார். அவர் போன பிறகு என்னைக் கூப்பிட்டு, "காப்பி அடிக்கக் கூடாதுன்னு பசங்களுக்குச் சொல்ற ஆளு நீங்க," என்றார். திட்டியிருந்தால்கூட எனக்கு அவ்வளவு உறைத்திருக்காது.

அதனால் போன வருஷம், ஆண்டுப் பரீட்சைக்குச் சில வாரங்கள் இருக்கும்போது, இணையத்தில் அந்தப் பாடம் என் கண்ணில் பட்டதும் முதலில் வந்தது பயம்தான். மல்லேஸ்வரத்திலிருந்து கிளம்பி, மெஜஸ்டிக்கில் ரயில் மாறி, மெட்ரோவில் நின்றபடி கைபேசியில் படித்துக்கொண்டிருந்தேன். வருஷத்தில் பாதி நாள் பனி விழும் ஏதோ ஒரு வடக்கு நாட்டில், என்னைப் போல எட்டாம் வகுப்புக்கு அறிவியல் நடத்தும் ஒரு ஆசிரியை எழுதிய ஒன்பது பக்கங்கள். அறையை இருட்டாக்கு, ஒரு விளக்கை ஏற்று, பென்சில் நுனியில் ஒரு வெள்ளைப் பந்தைக் குத்து. விளக்குதான் சூரியன், பந்துதான் நிலா. பூமி எங்கே? உன் தலைதான் பூமி. பந்தைத் தலைக்குச் சற்று மேலே நீட்டிப் பிடித்துக்கொண்டு நின்ற இடத்திலேயே மெதுவாகச் சுற்று. அவ்வளவுதான்.

ரயிலில் நின்றபடியே நான் மனசுக்குள் சுற்றிப் பார்த்தேன். பந்து விளக்குப் பக்கம் இருக்கும்போது அமாவாசை. கொஞ்சம் திரும்பினால் ஓரத்தில் ஒரு கீற்று. இன்னும் திரும்பினால் பாதி. விளக்குக்கு முதுகைக் காட்டினால் முழுப் பந்தும் வெளிச்சம். என் நிழலும் இல்லை, பூமியின் நிழலும் இல்லை! பதினோரு வருஷமாக நான் கறுப்பும் வெள்ளையுமாகத் தீட்டிக்கொண்டிருந்தது இதைத்தானா?

கடைசிப் பக்கத்தின் அடியில் பொடி எழுத்தில் ஒரு குறிப்பு இருந்தது. இந்தப் பாடத்தை யாரும் நகலெடுக்கலாம், மாற்றலாம், மொழிபெயர்க்கலாம், பிறருக்குக் கொடுக்கலாம்; எங்கிருந்து எடுத்தது என்று மட்டும் சொல்ல வேண்டும்; மாற்றி எழுதியதையும் இதே போல எல்லோருக்கும் திறந்து வைக்க வேண்டும். திறந்த உரிமம் என்று அதற்குப் பெயர். நகலெடுக்கலாம் என்பது புரிந்தது. மாற்றலாம் என்பதுதான் புரியவில்லை. அச்சில் இருக்கும் பாடத்தை நான் மாற்றுவதா? அந்தக் குறிப்பைத் திரும்பத் திரும்பப் படித்ததில் அல்சூர் நிலையம் தாண்டி இந்திராநகர் வந்துவிட்டது.

அன்று தாமதமாகப் பள்ளிக்குப் போய், தாமதத்துக்குத் திட்டு வாங்கும் முன்பே ஒன்பது பக்கங்களையும் தலைமையாசிரியையின் மேஜையில் வைத்தேன்.

"மறுபடியுமா?" என்றார் அவர்.

"இல்ல மேடம், இது அவங்களே குடுத்தது. யார் வேணா எடுத்துக்கலாம்னு எழுதியே இருக்காங்க."

"சும்மா எதுக்குக் குடுக்கறாங்க?"

கடைசிப் பக்கத்தைக் காட்டினேன். மூக்குக்கண்ணாடியை மாற்றிப் போட்டுக்கொண்டு, ஒவ்வொரு சொல்லாக விரல் வைத்துப் படித்தார். ஒரு முறை முடித்துவிட்டு மறுபடியும் முதலிலிருந்து ஆரம்பித்தார்.

"எழுதினவங்க பேரைச் சொல்லணும்னு போட்டிருக்கு. அதைப் பசங்க கையில குடுக்கற தாள்ல போடுவீங்கல்ல?"

"முதல் வரியிலேயே போடறேன் மேடம்."

"அப்பச் சரி. இந்தக் கடைசிப் பக்கத்தை எனக்கு ஒரு காப்பி குடுங்க. யாராவது வந்து கேட்டா நான் காட்டணும்."

இரண்டு நாள் கழித்து, எட்டாம் வகுப்பு ஜன்னல்களைப் பழைய சார்ட் பேப்பரால் மூடினோம். என் வீட்டு மேஜை விளக்கைக் கொண்டுவந்து மேஜைமேல் வைத்தேன். சிவாஜிநகரில் வாங்கிய தெர்மோகோல் பந்துகள், ஆளுக்கொன்று. "எல்லாரும் சுத்துங்க, மெதுவா!" என்றேன். முப்பத்தெட்டு பேர் கையை நீட்டிக்கொண்டு இருட்டில் சுற்றினார்கள். முதலில் ஒரே சிரிப்பு, ஒருவர் முழங்கை இன்னொருவர் காதில் இடித்தது. பிறகு ஒரு மூலையிலிருந்து "ஏய், பாருடா, பிறை!" என்று ஒரு குரல் வந்தது. அடுத்து இன்னொரு மூலையில். சில நொடிகளில் அறை முழுவதும் பிறைகள். "பாதி வந்திருச்சு மிஸ்!" "எனக்கு முழுசா ஆயிருச்சு!" நானும் ஒரு பந்தை வைத்துக்கொண்டு அவர்கள் நடுவே சுற்றிக்கொண்டிருந்தேன். தலை கிறுகிறுத்தது. இந்தப் பாடத்தில் எனக்குக் கொட்டாவி வராத முதல் நாள் அதுதான்.

ஜன்னலைத் திறந்து தாள்களைக் கொடுத்தேன். நான் பாடத்தில் இருந்த படங்களை அப்படியே அச்செடுத்திருந்தேன். மூன்றாவது வரிசையில் ஒரு பெண் கையைத் தூக்கினாள். வழக்கமாக அதிகம் பேசாதவள். முந்தின சாயங்காலம்தான் ரம்ஜான் பிறை தெரிந்திருந்தது. அன்று முதல் நோன்பு, அதனால் இன்னும் அமைதியாக இருந்தாள்.

"மிஸ், இந்தப் படம் தப்பு."

"எது?"

"இதுல சாந்த் நின்னுட்டு இருக்கு. நேத்து நாங்க மாடில பார்த்தோம். படுத்துட்டு இருந்துச்சு."

உருதில் சாந்த் என்றால் நிலா. தாளைப் பார்த்தேன். அடிவானத்துக்கு மேலே பிறை, அடைப்புக்குறியைப் போல நெட்டாக நின்றது. எல்லாப் புத்தகத்திலும் அப்படித்தான் இருக்கிறது. பாடப்புத்தகத்திலும் அப்படித்தான். பதினோரு வருஷமாக நான் வரைந்ததும் அதுதான்.

"நீ தலையைச் சாய்ச்சுப் பார்த்திருப்ப," என்றேன்.

வகுப்பு சிரித்தது. அவள் சிரிக்கவில்லை. "இல்ல மிஸ். நேராத்தான் பார்த்தேன். படகு மாதிரி இருந்துச்சு. வருஷா வருஷம் அப்படித்தான் இருக்கும்."

இங்கே நான் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். அப்போதும் என் மனசில் இருந்தது, புத்தகத்தில் தப்பு இருக்காது என்பதுதான். ஆனால் அவள் முகத்தில் துளி சந்தேகம்கூட இல்லை. நான் கடைசியாக எப்போது பிறை பார்த்தேன் என்று யோசித்தேன். நினைவுக்கு வரவில்லை. அறிவியல் ஆசிரியை நான்.

"சரி, இன்னிக்கு எல்லாரும் பார்க்கலாம்," என்றேன். "சூரியன் மறைஞ்சதும் மேற்கே பாருங்க. நிலா எப்படி இருக்கோ அப்படியே வரையணும். புத்தகத்தைப் பார்த்து வரையக் கூடாது. கீழே வீடு, தண்ணித் தொட்டி, மரம், எது தெரிஞ்சாலும் சேர்த்து வரையுங்க. அப்பத்தான் எது மேல, எது கீழேன்னு தெரியும்."

அன்று மாலை நானும் எங்கள் அபார்ட்மென்ட் மொட்டை மாடிக்கு ஏறினேன். காய்ந்த துணிகளுக்கு நடுவே நின்று மேற்கே பார்த்தேன். சிவப்பு வடிந்துகொண்டிருந்த வானத்தில், எதிர்க் கட்டடத்துத் தண்ணீர்த் தொட்டிக்கு நேர் மேலே, மெல்லிய கிண்ணம் ஒன்றைக் கவிழாமல் யாரோ பிடித்திருப்பதுபோல நிலா இருந்தது. படுத்துக்கொண்டு. மாடியில் துணி எடுக்க வந்த பக்கத்து வீட்டு அம்மாவின் கையைப் பிடித்து இழுத்து, "பாருங்க, படுத்திருக்கு!" என்று கத்தினேன். அவர், "ஆமா, அதுக்கென்ன?" என்றார்.

மறுநாள் முப்பத்தெட்டு படங்கள் வந்தன. அல்சூர் ஏரிக்கரையிலிருந்து ஒன்று, கீழே தண்ணீரில் இன்னொரு நிலாவோடு. சர்ச் கோபுரத்துக்குப் பக்கத்தில் ஒன்று. மேம்பாலத்தில் பஸ் ஜன்னல் வழியாகப் பார்த்து வரைந்தது ஒன்று. கைபேசிக் கோபுரம், தென்னைமரம், கட்டி முடியாத ஏழாவது மாடி. எல்லாவற்றிலும் நிலா படகுதான். சிலவற்றில் லேசாகச் சாய்ந்த படகு, ஆனால் நின்றுகொண்டிருக்கும் நிலா ஒன்றுகூட இல்லை.

என் வகுப்பு சொன்னது சரி, புத்தகம் சொன்னது நம் ஊருக்குச் சரியில்லை. ஆனால் ஏன்?

எங்கள் பள்ளியின் கன்னட ஆசிரியைதான் எனக்கு நெருக்கமான தோழி. என்னிடம் தமிழ்தான் பேசுவார், கன்னடம் தானாக வந்து கலந்துகொள்ளும். சனிக்கிழமை மதியம் வகுப்புகள் முடிந்ததும் அவரை இழுத்துக்கொண்டு எட்டாம் வகுப்பு அறைக்குப் போனேன். ஜன்னலை மூடினோம். மேஜைமேல் விளக்கு, என் கையில் பந்து. சுற்றிச் சுற்றிப் பார்த்தேன். என்ன செய்தாலும் பிறை நெட்டாக நின்றது, அந்த வடக்கு நாட்டுப் படத்தில் இருப்பதைப் போலவே. அரை மணி நேரம் ஆயிற்று.

"சாக்குரீ, போதும், பசிக்குது," என்றார் தோழி. "நாளைக்குப் பார்க்கலாம்." வயரைச் சுற்றுவதற்காக, எரிந்துகொண்டிருந்த விளக்கை அப்படியே தூக்கித் தரையில் வைத்தார்.

நான் இன்னும் பந்தை உயர்த்திப் பிடித்திருந்தேன். பந்தின் அடியில் வெளிச்சம் வழுக்கிக்கொண்டு இறங்கியது. நின்ற பிறை படுத்துவிட்டது.

"அப்படியே வைங்க! தொடாதீங்க!" என்று நான் போட்ட கூச்சலில் அவர் வயரைக் கீழே போட்டுவிட்டார்.

"ஏனாய்த்து? என்ன ஆச்சு?"

"விளக்கு கீழே இருக்கு! சூரியன் கீழே இருக்கு, நிலா அதுக்கு நேர் மேல இருக்கு! அதனால அடிப்பக்கம் வெளிச்சம்!"

எல்லாம் ஒரே நொடியில் விளங்கிவிட்டது. நம் ஊரில் சூரியன் கிட்டத்தட்டச் செங்குத்தாக இறங்கி மறைகிறது. அந்தச் சமயத்தில் பிறை அதற்கு நேர் மேலே நிற்கிறது, வெளிச்சம் கீழிருந்து வருகிறது, கிண்ணம். அந்த ஆசிரியையின் ஊரிலோ சூரியன் சரிவாக, பக்கவாட்டில் வழுக்கிக்கொண்டு மறையும். வெளிச்சம் பக்கத்திலிருந்து வரும். அங்கே நிலா நிற்கும். இரண்டும் உண்மை. எங்கே நின்று பார்க்கிறோம் என்பதுதான் வித்தியாசம். பசியை மறந்து நாங்கள் இருவரும் விளக்கை மேஜைக்கும் தரைக்குமாக ஏற்றி இறக்கிக்கொண்டிருந்தோம். தோழி ஒவ்வொரு முறையும் "நோடி, நோடி! பாருங்க!" என்று குழந்தையைப் போலக் குதித்தார்.

திங்கட்கிழமை வகுப்பில் முதல் வேலையாக, மூன்றாவது வரிசைப் பெண்ணிடம் மன்னிப்புக் கேட்டேன். "நீ தலையைச் சாய்ச்சுப் பார்க்கல. நான்தான் பார்க்கவே இல்ல," என்றேன். அவள் வெட்கப்பட்டுத் தலையைக் குனிந்துகொண்டாள். விளக்கைத் தரையில் வைக்கும் வேலையை அவளுக்கே கொடுத்தேன். பிறை படுத்தபோது வகுப்பு போட்ட சத்தத்தில் பக்கத்து வகுப்பு ஆசிரியர் வந்து எட்டிப் பார்த்தார்.

அப்போதுதான் கடைசிப் பக்கத்தில் இருந்த அந்தச் சொல் எனக்கு உண்மையிலேயே புரிந்தது. மாற்றலாம். இந்தப் பாடத்தை நாங்கள் மாற்றலாம்! நின்ற நிலாவுக்குப் பக்கத்தில் படுத்த நிலாவையும் சேர்க்கலாம், விளக்கைத் தரையில் வைக்கும் பயிற்சியைச் சேர்க்கலாம், தமிழில் ஒன்று, கன்னடத்தில் ஒன்று எழுதலாம், பிள்ளைகளின் படங்களையும் போடலாம். வகுப்பில் இதைச் சொன்னதும் ஒரே ஆரவாரம். "நம்ம படம் ஃபாரின் போகுமா மிஸ்?" என்று ஒருவன் கேட்டான்.

அதற்கு முன்னால் ஒரு வேலை இருந்தது. படங்கள் பிள்ளைகளுடையவை. அவர்கள் கொடுத்தால்தான் நான் எடுக்க முடியும். ஒரு தாளில் எளிமையாக எழுதினேன்: உங்கள் படத்தை உலகத்தில் யாரும் எடுக்கலாம், அச்சிடலாம், மாற்றலாம், இதற்கு உங்களுக்கும் வீட்டாருக்கும் சம்மதமா? தலைமையாசிரியை அந்தத் தாளை வாங்கி இரண்டு இடத்தில் திருத்தினார். "'மாற்றலாம்'ங்கறதைப் பெரிய எழுத்துல போடுங்க. பின்னாடி யாரும் எங்களுக்குத் தெரியாதுன்னு சொல்லக் கூடாது," என்றார்.

முப்பத்தேழு கையெழுத்துகள் வந்தன. வராத ஒன்று மூன்றாவது வரிசைப் பெண்ணுடையது.

எனக்கு ஏமாற்றமாக இருந்தது என்று சொன்னால் போதாது. இத்தனைக்கும் ஆரம்பம் அவள். மேலும், இருப்பதிலேயே அழகான படம் அவளுடையது. மற்றவர்கள் வரைந்தது இரண்டாம் நாள் பிறை; அவள் முதல் நாள் மாலை பார்த்த மெல்லிய கீற்றை வரைந்திருந்தாள். மொட்டை மாடி, கைப்பிடிச் சுவர், அதன் அருகே முதுகைக் காட்டிக்கொண்டு ஒரு பெண், மேலே தலைமுடி கனத்தில் ஒரு கோடு. மதிய இடைவேளையில் அவளைக் கூப்பிட்டேன்.

"வீட்ல வேண்டாம்னாங்களா?"

"இல்ல மிஸ். அப்பா கையெழுத்துப் போட்டாரு. நான்தான் தாளைக் குடுக்கல."

"ஏம்மா?"

"அதுல எங்க அம்மி இருக்காங்க. கையேந்தி துஆ கேட்டுட்டு இருக்காங்க. அத யாராச்சும் எடுத்து மாத்தலாம்னு போட்டிருக்கு இல்ல?"

சொல்ல எத்தனையோ இருந்தது. அம்மாவின் முகம் தெரியவில்லை, யாரும் அப்படிச் செய்ய மாட்டார்கள், படம் அவ்வளவு நன்றாக இருக்கிறது. எதையும் சொல்லவில்லை. நாற்பது பேர் இருக்கும் குழுவில் வேறொருவர் புத்தகத்தை ஸ்கேன் எடுத்துப் போட்டவள் நான். கொடுப்பது என்றால் என்ன என்று அவள் என்னைவிட நன்றாக யோசித்திருந்தாள்.

"சரி, வேண்டாம்," என்றேன். "உன் படம் உன்கிட்டயே இருக்கட்டும்."

வாசல் வரை போனவள் திரும்பி வந்தாள். "மிஸ், சாந்தை வேணும்னா எடுத்துக்கோங்க. மாடியத் தர மாட்டேன்."

எனக்குச் சிரிப்பு வந்தது. மறுநாள் வேறொரு தாள் கொண்டுவந்தாள். ஒரு தண்ணீர்த் தொட்டி, அதன் மேலே அதே கீற்று, வேறெதுவும் இல்லை. கூடவே சம்மதத் தாள், மடிக்காமல். எங்கள் பாடத்தின் முதல் பக்கத்தில் இருப்பது அந்தப் படம்தான்.

கோடை விடுமுறையில் உட்கார்ந்து தமிழில் எழுதினேன். நான் பள்ளியில் படித்தது கன்னடம். தமிழ் எழுத்து அம்மா வீட்டில் சொல்லிக்கொடுத்தது. அறிவியலைத் தமிழில் எழுதிப் பழக்கமில்லாததால் பயந்துகொண்டே தொடங்கினேன். ஆனால் ஆங்கிலத்தில் பிள்ளைகள் எழுத்துப் பிழையோடு மனப்பாடம் செய்யும் இரண்டு சொற்களுக்குத் தமிழில் வளர்பிறை, தேய்பிறை என்று எழுதியதும் பேனாவை வைத்துவிட்டுக் கைதட்டினேன். விளக்கமே தேவையில்லை, சொல்லிலேயே பாடம் இருக்கிறது! தோழி போன் செய்து, கன்னடத்தில் பிதிகெ சந்திரன் என்று இரண்டாம் நாள் பிறைக்குத் தனிச் சொல்லே உண்டு என்றார். பாதிக்கும் முழுசுக்கும் நடுவில் புடைத்துக்கொண்டிருக்கும் நிலாவுக்கு மட்டும் எங்கள் இருவருக்கும் எளிய சொல் கிடைக்கவில்லை. வாட்ஸ்அப்பில் பிள்ளைகளைக் கேட்டேன். முட்டை நிலா, மாங்கா நிலா என்று வந்துகொண்டே இருந்தது. கடைசியில் ஒருவன், "பேக்கரி பன் மாதிரி இருக்கு மிஸ், பன் நிலா" என்றான். வாக்கெடுப்பில் பன் நிலா வென்றது. அச்சிலும் அதுதான் இருக்கிறது.

இரண்டு பாடங்களையும் அதே உரிமத்தோடு இணையத்தில் ஏற்றினோம். அந்த வடக்கு நாட்டு ஆசிரியைக்கு ஒரு கடிதம் எழுதினேன். உங்கள் பாடம் எங்களுக்கு எவ்வளவு உதவியது, எங்கள் ஊரில் நிலா எப்படிப் படுத்திருக்கிறது, அதைக் கண்டுபிடித்தது யார் என்றெல்லாம். குறை சொல்வதாக எடுத்துக்கொள்வாரோ என்று நாலு முறை மாற்றி எழுதினேன்.

இரண்டாம் நாளே பதில் வந்தது. பல வருஷமாக அந்தப் பாடத்தை நடத்துகிறாராம். நிலா வேறு ஊரில் வேறு மாதிரி இருக்கும் என்று எனக்குத் தோன்றியதே இல்லை, கடிதத்தைப் படித்ததும் விளக்கைத் தரையில் வைத்துப் பார்த்தேன், சமையலறையில் தனியாக நின்று கத்தினேன் என்று எழுதியிருந்தார். என்னைப் போலவே கத்தியிருக்கிறார்! கூடவே தன் பாடத்தைத் திருத்திவிட்டதாகவும் எழுதியிருந்தார். புதிய பிரதியில், "நீங்கள் நிற்கும் ஊரில் நிலா எப்படி இருக்கிறது? வரையுங்கள்" என்று ஒரு வெற்றுக் கட்டம் இருந்தது. அதற்குக் கீழே, இதைச் சுட்டிக்காட்டியது பெங்களூரின் ஓர் எட்டாம் வகுப்பு என்று ஒரு வரி.

பள்ளி திறந்ததும், இப்போது ஒன்பதாம் வகுப்பு ஆகிவிட்ட அந்தப் பிள்ளைகளிடம் அதைப் படித்துக் காட்டினேன். அந்த ஒரு வரியை மூன்று முறை படிக்கச் சொன்னார்கள். அதற்குப் பிறகு எனக்கு நிம்மதி போயிற்று. எந்தப் படத்தைக் காட்டினாலும், "இது எந்த ஊர்ல வரைஞ்சது மிஸ்?" என்று யாராவது கேட்பார்கள்.

மழைக்காலத்தில் ஒரு நாள் தோழி ஆசிரியர் அறைக்குள் ஓடிவந்தார். ஓடி வருகிற ஆளே இல்லை அவர். கர்நாடகத்தின் வடகோடியில் ஒரு கிராமத்துப் பள்ளி ஆசிரியர் அவருக்கு எழுதியிருந்தார். கன்னடப் பாடத்தை எடுத்து நடத்தினாராம். ஆனால் அன்று கரண்ட் இல்லை. விளக்கு எரியவில்லை. அதனால் பிள்ளைகளைக் காலையில் வெளியே கூட்டிக்கொண்டு போயிருக்கிறார். வானத்தில் சூரியனும் இருந்தது, மேற்கே வெளிறிப்போன பகல் நிலாவும் இருந்தது. பந்துக்குப் பதில் ஒரு மோசம்பிப் பழத்தை, நம் சாத்துக்குடியை, நிலாவுக்குப் பக்கத்தில் தெரியும்படி தூக்கிப் பிடித்திருக்கிறார்கள். பழத்தில் எந்தப் பக்கம் எவ்வளவு வெயில் விழுந்ததோ, நிலாவிலும் அந்தப் பக்கம் அவ்வளவே வெளிச்சம்! இதையும் பாடத்தில் சேர்த்துவிட்டேன், உங்கள் இருவருக்கும் நன்றி என்று முடித்திருந்தார்.

வகுப்பில் சொன்னபோது முதல் குரல், "நம்ம பாடத்தை மாத்திட்டாங்களா?" என்று கோபமாக வந்தது. உடனே இன்னொரு குரல், "மிஸ், மோசம்பி எங்க?" என்றது.

மூன்று நாள் மேகம். நாலாம் நாள் காலை, பிரார்த்தனை முடிந்த நேரத்தில் வானம் திறந்தது. மேற்கே, வேப்பமரத்துக்கு மேல், பாதிக்கும் சற்று அதிகமாக நிலா. மூன்று நாளாகப் பையில் தூக்கிக்கொண்டு திரிந்த மோசம்பிப் பழங்களை எடுத்துக்கொண்டு வகுப்போடு மைதானத்துக்கு ஓடினேன். தோழி சாக்பீஸ் தூசியோடு பின்னால் வந்தார். பிள்ளைகள் ஒரு கண்ணை மூடிக்கொண்டு பழத்தைத் தூக்கினார்கள்.

"பன் நிலா! பழத்துலயும் பன் நிலா!"

"எனக்குக் காட்டு, எனக்குக் காட்டு!"

சத்தம் கேட்டுத் தலைமையாசிரியை படியிறங்கி வந்தார். இந்தப் பாடம் எந்த வகுப்புக்கு, இப்போது எந்த பீரியட் என்று கேட்கப்போகிறார் என்று நினைத்தேன். கேட்கவில்லை. மூன்றாவது வரிசைப் பெண் தன் கையிலிருந்த பழத்தை அவரிடம் நீட்டி, "வெயில் முதுகுல படணும் மேடம். கையை இன்னும் கொஞ்சம் தூக்குங்க," என்றாள்.

அவர் தூக்கினார். ஒரு கண்ணைச் சுருக்கினார். பழத்தை நிலாவுக்குப் பக்கத்தில் கொண்டுவந்தார்.

"ஐயோ," என்றார் மெதுவாக. பிறகு சத்தமாக, "ஐயோ, ரெண்டும் ஒண்ணு மாதிரியே இருக்கே!"

முதல் பீரியட் மணி அடிக்கப் பியூன் வராந்தாவில் கையை ஓங்கிக்கொண்டு நின்றார். தலைமையாசிரியை நிலாவிலிருந்து கண்ணை எடுக்காமலே, "அஞ்சு நிமிஷம் கழிச்சு அடிங்க!" என்று அங்கிருந்தே குரல் கொடுத்தார்.